தயாராக வைத்த செய்தி

நாற்காலிகள் வந்து இறங்கிவிட்டன.

சாயிமா இரண்டாம் மாடிப் பால்கனிக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். தூறலில் மய்யித்து வேன் ஓட்டும் செல்வம் பின்கதவைத் திறந்து, நீல பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொத்துக் கொத்தாக இழுத்துச் சுவரோரம் போட்டுக்கொண்டிருந்தான். வேனுக்குள் மய்யித்தைக் குளிப்பாட்டும் பலகை தெரிந்தது. முன்சீட்டிலிருந்து இறங்கிய இக்பாலின் அக்குளில் வெள்ளைத் துணிப் பொட்டலம். மவுத்தானவரைப் பொதியும் கஃபன் துணிதான், நனையாமலிருக்கப் பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்தார். தெருமுனையிலிருந்து தொப்பி போட்ட சிலர் குடைகளை மடக்கிக்கொண்டே வந்தார்கள். எல்லோரும் நாலாம் மாடி ஷம்சுதீனின் ஜனாஸா அடக்கத்துக்கு வந்தவர்கள்.

நாலாம் மாடியில் ஷம்சுதீன் இஞ்சிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏ புள்ள, செல்வம் வண்டி எதுக்கு நம்ம வாசல்ல நிக்கிது?" உள்ளேயிருந்து உம்மா கேட்டாள். "யாரு மவுத்து?"

சாயிமா கையிலிருந்த போனைப் பார்த்தாள். அது விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. இன்னா லில்லாஹி, இன்னா லில்லாஹி என்று குழுவுக்குக் குழு இரங்கல் வந்து விழுந்துகொண்டிருந்தது.

"கேக்குறேன்ல? யாரு?"

"உம்மா... நான்தான் அனுப்பிட்டேன். ஷம்சு மாமா மவுத்துன்னு."

சாயிமாவின் உம்மா உம்மு சல்மா மாவுக் கையோடு எழுந்து வந்தாள். "என்ன சொல்ற நீ? இப்பத்தானே அவுகளுக்குக் கஞ்சி குடுத்துட்டு எறங்கி வர்றேன். உப்பு பத்தலன்னு ஏசினாக. ஏசுற மனுசன் எப்புடி மவுத்தாவாக?"

"தெரியாம..."

"தெரியாம ஒருத்தர மவுத்தாக்குவியா?"

பர்மாவில், பசுந்தாங் பேட்டையின் அந்தக் கட்டடத்தில் உம்மு சல்மாவின் வீட்டு அடுப்பு காலைத் தொழுகைக்கு முன்பே எரியும். முனை டீக்கடைக்கும் மார்க்கெட் பக்கத்து இரண்டு கடைக்கும் சம்சா போடுவது அவள்தான். சாயிமாவின் வாப்பா மவுத்தான பிறகு வந்த தொழில் அது. அவளுடைய காக்கா, மூத்தவன் யாசர், பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு வந்ததும் போன வருஷம் தாய்லாந்துக்குப் போய்விட்டான். அதன்பிறகு சம்சா மட்டும் போதவில்லை. பதினேழு வயதுப் பெண்ணை வெளி வேலைக்கு அனுப்ப உம்மாவுக்குத் தைரியமும் இல்லை.

அப்போதுதான் சாயிமா போனில் அந்த வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினாள். வீட்டிலிருந்தபடியே வர்ச்சுவல் அசிஸ்டென்ட் ஆவது எப்படி. யாருடைய கடைக்கோ, யாருடைய அலுவலகத்துக்கோ, முகம் தெரியாமலே தகவலுக்குப் பதில் போடுவது, நேரம் குறித்து வைப்பது, விளம்பரம் எழுதுவது. உம்மா அதைப் 'போன் வேலை' என்றாள். சாயிமா பெயர் வைத்தாள்: சாயிமா அசிஸ்டென்ஸ். மல்லிகைப்பூ போட்ட ஒரு அடையாளப் படமும் செய்துகொண்டாள். முதலில் வந்தது, மலேசியாவில் முக்காடு விற்கும் ரிஹானா மாமி. இரண்டாவதாக வந்தது, மவுத்தானவர்களை எடுத்து அடக்கும் பள்ளிவாசல் மய்யித்து சேவைக் குழு. அதன் செக்ரட்டரி இக்பாலுக்கு லத்தா பஜாரில் பொத்தான், நூல் மொத்த வியாபாரம். கடையையும் பார்த்துக்கொண்டு போன் குழுக்களுக்கு மவுத்துச் செய்தி போட அவரால் முடியவில்லை.

"தமிழ்லயும் பர்மாவுலயும் எழுதத் தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

"தெரியும் மாமா," என்றாள். தமிழ் எழுத்தை உம்மாவிடம் காட்டித் திருத்திக்கொள்வாள் என்பதைச் சொல்லவில்லை.

உம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. டீக்கடையில் சம்சா தட்டை இறக்கி வைக்கும்போதெல்லாம், "எம் பொண்ணு ஜமாஅத்துக்கே எழுதிப் போடுது," என்று சொல்லிவிட்டுத்தான் வருவாள்.

முதல் தவறு மழை தொடங்கிய புதிதில் நடந்தது. ஒரு மாமி காலையில் மவுத்தானார். இக்பால் தகவல் சொன்னபோது சாயிமாவுக்கு வயது, ஊர், பிள்ளைகள் பெயர் எதுவும் தெரியாது. ஒவ்வொருவராகக் கேட்டு எழுதி, உம்மாவிடம் காட்டித் திருத்துவதற்குள் கரண்டு போனது. கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிட்டது. கபர்ஸ்தான் ஊருக்கு வெளியே வெகு தூரத்தில் இருக்கிறது. அன்றைக்கே அடக்கியாக வேண்டும், வண்டி கிளம்பிவிட்டால் பின்னால் போய்ச் சேர முடியாது. அந்த மாமியின் சொந்தத் தங்கை, செய்தி கிடைத்துத் தெருவுக்கு வந்தபோது காலி நாற்காலிகள்தான் இருந்தன.

"கடைசியா ஒரு தடவ மொகத்தப் பாக்க வுடலையே நீங்க," என்று அந்த அம்மாள் இக்பாலின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். இக்பால் அன்று சாயிமாவை அதட்டவில்லை. "இப்புடி இன்னொரு தடவ ஆகக்கூடாது," என்று மட்டும் சொன்னார். அதட்டியிருந்தால் தேவலை.

வீடியோவில் வரும் பெண் எப்போதும் ஒன்றைச் சொல்லுவாள்: வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்பே தயாராக இரு. ரிஹானா மாமியின் முக்காடுகளுக்குப் பெருநாள் வாழ்த்தை முன்கூட்டியே எழுதி வைத்ததைப்போல, சாயிமா, படுக்கையில் கிடப்பவர்களுக்கு மவுத்துச் செய்தியும் எழுதி வைக்கத் தொடங்கினாள்.

ஷம்சுதீனுக்கு நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டடத்தில் அவரை யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. தண்ணி மோட்டாரை யார் முதலில் போடுவது என்று எல்லோரோடும் சண்டை. பத்திரிகை, சாமான் மேலே இழுக்கப் பால்கனியிலிருந்து தெருவரை தொங்கும் அவருடைய கயிற்றில் கிளிப்பும் மணியும் கட்டியிருப்பார். கீழே பத்திரிகைக்காரன் கிளிப்பில் மாட்ட ஒரு நிமிஷம் தாமதித்தாலும் மணியை ஆட்டி ஆட்டித் தெருவையே எழுப்புவார். லத்தாவில் பூட்டுக் கடை வைத்திருந்தவர். மகன் பாசில் மலேசியாவில் கிள்ளான் பக்கம் வேலை. மருமகள் மெஹ்ரீன்தான் பார்த்துக்கொள்கிறாள்.

கஞ்சி கொடுக்கப் போகும் வேலையைச் சாயிமா ஒருநாள் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். பால்கனியை ஒட்டிய கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, ஒங்களுக்கு எத்தன வயசு?"

"எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான். ஒங்க ஊரு எது மாமா?"

அவர் அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தலையணையைச் சாய்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. அவருடைய வாப்பா காரைக்காலிலிருந்து கப்பலேறி வந்தது, லத்தாவில் நடைபாதையில் பூட்டு விற்றது, சாவி தொலைத்துவிட்டு வரும் சீனக் கடைக்காரனைப் பார்த்ததும் எந்தப் பூட்டு என்று சொல்லிவிடுவது. கஞ்சி ஆறிப்போனது. கூடப் பிறந்தவர்கள் யாருமில்லையா என்று கேட்டாள்.

"ஒருத்தன் இருக்கான். நூர்தீன். தன்லியின்ல, பாலத்த தாண்டி." சற்று நேரம் கம்பி வழியாக மழையைப் பார்த்தார். "பேசுறது இல்ல. ரொம்ப வருசம் ஆச்சு. வுடு அத. நாளைக்கும் வருவியா?"

"வர்றேன் மாமா."

கீழே வந்து, மறப்பதற்குள் எல்லாவற்றையும் உம்மாவுக்குத் தெரியாமல் போனில் எழுதினாள். 'அனைவரிடமும் அன்பாகப் பழகியவரும்' என்பதைப் பழைய செய்தியிலிருந்து எடுத்துக்கொண்டாள். 'தன்லியின் ஜனாப் நூர்தீன் அவர்களின் மூத்த சகோதரருமான' என்று சேர்த்தாள். தன்லியின் குழுவையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டாள். மறுநாள் போகவில்லை. வேண்டியது கிடைத்துவிட்டது.

இன்று மதியம் கரண்டு இல்லை, டவரும் இல்லை. உம்மா கஞ்சி கொடுத்துவிட்டு வந்து பலகையில் மாவை விரித்துக் கீற்றுக் கீற்றாக அறுத்துக் கொடுக்க, சாயிமா வெங்காயமும் பருப்பும் வைத்து முக்கோணமாக மடித்துக்கொண்டிருந்தாள். உம்மா எண்ணெய் வாங்கக் கீழே போனாள். கொஞ்ச நேரத்தில் மேலே, கடைசி நேரத்தில் ஓதுகிற யாசீன் சத்தம் கேட்டது. மெஹ்ரீன் ராத்தாவின் குரல். ஓதுவது திடீரென்று நின்றது. பிறகு ஒரு அலறல்.

சாயிமாவின் கை தானாகப் போனுக்குப் போனது. இந்தத் தடவை பிந்தக்கூடாது. மாவு ஒட்டிய கட்டைவிரலால் எல்லாக் குழுக்களையும் தேர்ந்தெடுத்து அழுத்தினாள். டவர் இல்லாததால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னக் கடிகாரக் குறி நின்றது. சிக்னல் வந்ததும் செய்தி தானாகப் போய்விடும். போனைப் பலகை மேல் வைத்துவிட்டு மேலே ஓடினாள்.

ஷம்சுதீன் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தார். பக்கத்தில் மெஹ்ரீன் சீனித்தண்ணி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"பயந்தே போயிட்டேன் புள்ள," என்றாள் மெஹ்ரீன். "கண்ணு மேல சொருகிடுச்சு. கத்திட்டேன். இப்ப பாரு, மீதிக் கஞ்சி எங்கன்னு கேக்குறாக."

சாயிமா திரும்பி ஓடினாள். மூன்றாம் மாடிப் படிக்கட்டில் இருக்கும்போது அந்தச் சத்தம் எழுந்தது. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் எல்லா மாடியிலிருந்தும் ஒன்றாகக் கத்துவார்களே, கரண்டு வந்ததும்.

"மீ லாபீ! மீ லாபீ!"

படிக்கட்டு பல்பு எரிந்தது. கரண்டு வந்ததற்கு ஊரே கைதட்டியது. அவள் அறைக்குள் பாய்ந்து போனை எடுத்தபோது கடிகாரக் குறி ஒன்றுகூட இல்லை.

அழித்தாள். அதற்குள் எடுத்து எடுத்து அனுப்பிவிட்டிருந்தார்கள். மறுப்பு எழுத உட்கார்ந்தாள். மவுத்துக்கு எழுதி வைத்திருந்தாள், உயிரோடு இருப்பதற்கு எழுதி வைத்திருக்கவில்லை. 'மன்னிக்கவும். அவர் இருக்கிறார்' என்று போட்டாள். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. நாற்காலிகள் வந்துவிட்டன.

"எறங்கு கீழ," என்றாள் உம்மா. "நீயே போய்ச் சொல்லு. நான் வரமாட்டேன். எனக்கு மொகம் இல்ல."

ஆனால் சாயிமாவுக்கு முன்னால் அவள்தான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

கீழே இக்பால் மேலே பார்த்து நின்றார். "என்னம்மா இது? படியேறப் போறேன், மேலேர்ந்து மெஹ்ரீன் எட்டிப் பாத்து, யாரு மாமா மவுத்துன்னு என்னைய கேக்குது!"

"தம்பி, புள்ள தெரியாம..." உம்மா ஆரம்பித்தாள்.

"நீங்க இருங்க ராத்தா." அவர் சாயிமாவிடம் திரும்பினார். "யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரும் சொல்லல மாமா. அழுக சத்தம் கேட்டுச்சு."

"அமலே, அம்மாடி!" செல்வம் நாற்காலிக் கொத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இக்பாலைப் பார்த்து நின்றான். "சயா, இப்ப நான் இத எறக்குறதா ஏத்துறதா? மேல போய்ப் பாத்தேன். பெரியவரு கட்டில்ல ஒக்காந்து, எலேய் வந்தது வந்துட்ட, முனைக் கடையில ஒரு குன்யா வாங்கியாங்குறாரு. ஏத்திக்கிட்டுப் போக வந்தவன்கிட்ட வெத்தல கேட்ட ஆள இப்பத்தான் பாக்குறேன்."

யாரோ சிரித்தார்கள். இக்பால் சிரிக்கவில்லை. போனை நெருக்கிப் பிடித்துச் செய்தியை மறுபடி படித்தார்.

"சத்தம் கேட்டு அனுப்புனங்குற. வயசு இருக்கு, வாப்பா பேரு இருக்கு, தன்லியின் தம்பி பேரு இருக்கு. எனக்கே அவருக்குத் தம்பி இருக்கான்னு தெரியாது. இத எப்பம்மா எழுதுன?"

சாயிமா தன் போனை அணைத்தாள்.

"முன்னாடியே," என்றாள்.

"முன்னாடியேன்னா?"

"பிந்தக்கூடாதுன்னு... எழுதி வச்சிருந்தேன் மாமா."

வந்திருந்தவர்களில் ஒருவர் "அஸ்தஃபிருல்லாஹ்" என்றார். உம்மா சாயிமாவைத் திரும்பிப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தாள் சாயிமா. அடிக்கவில்லை. அவளிடமிருந்து ஒரு அடி விலகி நின்றாள், யாருடைய பிள்ளையோ என்பதைப்போல.

"இன்னும் யாரு யாருக்கு எழுதி வச்சிருக்க?" என்று கேட்டார் இக்பால், தாழ்ந்த குரலில்.

இக்பாலின் உம்மாவுக்கும் சாயிமா ஒன்று எழுதி வைத்திருந்தாள்.

அவர் கஃபன் பொட்டலத்தை இடக்கைக்கு மாற்றினார். "பிந்தக்கூடாதுன்னு நான்தான் சொன்னேன்," என்றார், தனக்கே சொல்வதுபோல. பிறகு, "இனிமே நீ போட வேணாம்மா. நானே பாத்துக்கிறேன்," என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிக்கொண்டார்.

செல்வம் நாற்காலிகளைத் திரும்ப ஏற்றினான். வந்தவர்கள் மேலே போய், ஷம்சுதீனிடம் சலாம் சொல்லி, அசடு வழிய இறங்கி வந்தார்கள். உம்மா, யாரையும் வெறுங்கையோடு அனுப்பக்கூடாதென்று, டீக்கடைக்குப் போட்டு வைத்திருந்த சம்சாவை எல்லாம் தட்டில் வைத்து நீட்டினாள். அவள் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. எல்லோரும் போன பிறகு அடுத்த மாவைப் பிசைய உள்ளே போனாள்.

சாயிமா கீழ்ப்படியில் வெகு நேரம் தனியாக நின்றாள். அப்போது ஒரு வயதான மனிதர் தெருவைக் கடந்து வந்தார். லுங்கி முழங்கால் வரை நனைந்திருந்தது. செருப்பில் ஒன்று அறுந்து, கையில் பிடித்திருந்தார். மூச்சு வாங்கியது.

"வண்டி போயிருச்சா?" என்றார். "தூக்கிட்டாகளா?"

முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதே மூக்கு, அதே கோணல் உதடு.

"நூர்தீன் மாமாவா?"

"ஆமா. மய்யித்து போயிருச்சாம்மா? பாலத்துல பஸ்ஸ நிப்பாட்டிச் சோதன போட்டுட்டானுக. எறங்கி நடந்தே வந்தேன். போயிருச்சா?"

"இல்ல மாமா. அவுக... மவுத்தாகல. நான் தப்பா அனுப்பிட்டேன். மேல இருக்காக. நல்லாத்தான் இருக்காக."

அவர் புரியாமல் அவளைப் பார்த்தார். பிறகு படியில் மெதுவாக உட்கார்ந்தார். அறுந்த செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"உசுரோட இருக்காரா?"

"இருக்காக. வாங்க மாமா, மேல போவோம். கூட்டிட்டுப் போறேன்."

வாயைத் திறந்தபோது அவளுக்குள் ஏதோ ஒரு நம்பிக்கை எட்டிப் பார்த்தது. இவரை மேலே கொண்டுபோய் நிறுத்திவிட்டால், செய்ததெல்லாம் ஒருவேளை நல்லதுக்குத்தான் என்று ஆகிவிடாதா?

அவர் அசையவில்லை.

"எங்க உம்மா மவுத்தானப்ப எனக்குச் சொல்லி அனுப்பல அவரு. கோவத்துல. மூணாம் நாளு பஜார்ல எவனோ சொல்லித்தான் தெரியும். உம்மா மொகத்த நான் பாக்கல. இன்னைக்கு ஒங்க செய்தியில எம் பேரப் போட்டிருந்துச்சு. படிச்சதும், சரி, சாவுறப்பவாவது எந் தம்பிக்குச் சொல்லுங்கன்னு சொல்லியிருக்காருன்னு நெனச்சேன். எந்திரிச்சு ஓடியாந்துட்டேன்." நிமிர்ந்து பார்த்தார். "அவருதானே சொன்னாரு, எம் பேரப் போடச் சொல்லி?"

இல்லை என்று சாயிமா தலையசைத்தாள்.

"அதுவும் இல்லையா," என்றார்.

எழுந்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன அத்தர் குப்பி ஒன்றை எடுத்தார். மூடி சரியாக இல்லை, கசிந்திருந்தது. "கஃபன்ல தெளிக்கக் கொண்டாந்தேன். திரும்பக் கொண்டுபோக எனக்கு மனசில்ல. வச்சுக்க. வேண்டி வர்றப்ப குடு."

"மாமா, ஒரு தடவ பாத்துட்டுப் போங்களேன்."

"மவுத்தான மொகத்தப் பாக்க யாரும் கூப்புட வேணாம்மா. உசுரோட இருக்குற மொகத்தப் பாக்கணும்னா அவரு கூப்புடணும். நான் வந்தேன்னு சொல்லாத. எதுக்கு வந்தேன்னு தெரிஞ்சா, சாவப் பாக்க ஓடியாந்தான்னுவாரு. சொல்லமாட்டேன்னு சொல்லு."

"சொல்லமாட்டேன்."

அறுந்த செருப்பை ஓரமாக வீசிவிட்டு, மற்றதையும் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

அவர் தெருமுனை திரும்பவும் மேலே மணி அடித்தது. ஷம்சுதீனின் கயிறு ஆடியது. "அந்தப் புள்ளைய மேல வரச் சொல்லு," என்று அவர் குரலே கேட்டது.

மெஹ்ரீன் கதவைத் திறந்தாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன. "கூடப் பொறந்த ராத்தா மாதிரிதானே இருந்தேன் ஒனக்கு," என்றாள் மெதுவாக. "பாசில் போன்ல கதறுறாக. வேல செய்யிற எடத்துல மயங்கி வுழுந்துட்டாகளாம்." சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள்.

ஷம்சுதீன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு வெற்றிலைச் சிவப்பில் இருந்தது. சாயிமா அத்தர் பட்ட கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"படி," என்றார்.

"மாமா, என்னைய மன்னிச்சு..."

"படிங்குறேன். எனக்கு எழுதுனத நான் கேக்க வேணாமா?"

போனில் எழுதி வைத்திருந்ததைத் தேடி எடுத்துப் படித்தாள். 'அனைவரிடமும் அன்பாகப் பழகியவரும்' என்ற இடத்தில் அவர், "யாரு, நானா?" என்று கேட்டார். தண்ணி மோட்டாரை நினைத்தோ என்னவோ, லேசாகச் சிரித்தார். வாப்பா பெயர், காரைக்கால், பூட்டுக்கடை என்று வரவர சிரிப்பு நின்றது.

"அன்னைக்கு முக்காலி போட்டு ஒக்காந்து கேட்டியே. இதுக்குத்தானா?"

அவள் தலையசைத்தாள்.

"நானும் நெனச்சேன்," என்றார். "நம்ம கதையவும் ஒரு புள்ள ஒக்காந்து கேக்குதேன்னு. மறுநாளும் வருவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். முக்காலிய எடுக்க வேணாம்னுட்டேன் மெஹ்ரீன்கிட்ட."

முக்காலி அதே இடத்தில் கிடந்தது. சாயிமாவுக்கு அதைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தாள். தரையிலும் வந்துபோனவர்களின் ஈரக் கால்தடங்கள்.

"சரி, யாரு யாரு வந்தானுக சொல்லு," என்றார், பேச்சை மாற்றுகிறவர்போல. "லத்தாவுலேர்ந்து சாவிக்காரன் வந்தான், பாத்தேன். பொத்தான்கடை இக்பாலு மேலயே வரல. வெக்கப்பட்டுட்டான். கீழ நின்னுட்டுப் போனவன் எவனாச்சும் உண்டா?"

சாயிமா அத்தர் பட்ட கையை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"தன்லியின் குழுவுக்கும் போச்சுன்னு மெஹ்ரீன் சொல்லுச்சு." அவர் பால்கனிப் பக்கம் திரும்பிக்கொண்டார். கயிறு மழைக்காற்றில் ஆடி, மணி இரண்டு தரம் தட்டுப்பட்டது. திரும்பாமலே கேட்டார், குரல் அவருடையது போலவே இல்லை.

"மவுத்துன்னு கேட்டும்கூட அவன் வரலையா புள்ள?"